கொடுமணல் ஒருநாள் சுற்று: தலைக்கு 1,400 ரூபாய், போகலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரிலிருந்து கிளம்புகிற கொடுமணல் ஒருநாள் சுற்றுக்குப் போய்வந்தோம். கொடுமணல் என்றால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊரும், செத்தவர்களைப் புதைத்த அதன் ஈமக்காடும் இருந்த, அகழாய்வு நடந்த இடம். நான், ஆறாவது படிக்கிற என் பையன், அப்புறம் என் அம்மாவின் அப்பா, எண்பது வயசு அப்புச்சி. பெரியவர்களுக்கு 1,400 ரூபாய், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 900. ஆக 3,700 ரூபாய் கட்டினேன், அதில் காலை டிபன், மதியச் சாப்பாடு, வேன், வழிகாட்டி எல்லாம் அடக்கம். நடத்துகிறவர்கள் பெயரைப் போடப்போவதில்லை. நாலு பேர் சேர்ந்து சின்னதாக நடத்துகிறார்கள், குறையும் கொஞ்சம் நிறையவே இருக்கிறது, பெயரோடு எழுதி யார் பிழைப்பையும் கெடுக்க மனசில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர்களோடோ வேறு யாரோடோ அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த நினைப்பில் கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே 2023இல் திறந்த செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டடம், விளக்கு, கண்ணாடிப் பெட்டி எல்லாம் உண்டு. இங்கே நாங்கள் போய் இறங்கியது வெறும் காட்டில். வேலாமரம், முள்ளு, அங்கங்கே கல், தூரத்தில் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போகிற சத்தம். வேனில் வந்த அவினாசிக்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "எங்கீங்க தம்பி இருக்குது அந்தக் குழியெல்லாம்?" என்று கேட்டார். வழிகாட்டித் தம்பி சிரிக்காமல், "நீங்க நிக்கறதே அதும்மேலதானுங்க" என்றார். அவர் சட்டென்று நாலடி தள்ளிப் போய் நின்றார். அங்கேயும் ஒன்று இருந்தது.

கொடுத்த காசு வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். ஏனென்றால் அந்தத் தம்பி அடுத்து செய்தது, எங்கள் பதினெட்டு பேரையும் தரையில் குத்தவைத்து உட்காரச் சொன்னதுதான். மணி ஏழரை இருக்கும், வெயில் சாய்வாக வந்துகொண்டிருந்தது. நின்றபோது சமதரையாகத் தெரிந்த இடம், உட்கார்ந்து பார்த்ததும் அலை அலையாக மேடு தட்டிக்கொண்டு தெரிந்தது. ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மேட்டைச் சுற்றி மண்ணுக்குள் பாதி புதைந்த பெரிய கற்கள், வட்டமாக. அந்த வட்டத்துக்குள்ளே கைக்கு அடங்குகிற அளவுக் கல்லை அள்ளிக் கொட்டி நிரப்பின மாதிரி ஒரு குவியல். கல்வட்டம், கற்குவை என்று பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கண்ணுக்கு முன்னால் ஒரு மேடு எழுந்து நிற்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான். காலை டிபனை இடத்துக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று ஐந்தரைக்கே வேனை எடுத்தார்கள், அப்போது எல்லோரும் முணுமுணுத்தோம். காரணம் அந்தச் சாய்வு வெயில்தான். பத்து மணிக்கு மேல் போனால் வெயில் தலைக்கு நேராக வந்து மேடெல்லாம் படுத்துவிடும். நீங்கள் தனியாகக் காரில் போவதாக இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

தோண்டிய குழி ஒன்றையாவது திறந்து காட்டுவார்கள் என்று பையன் எதிர்பார்த்துக்கொண்டே வந்தான். கிடையாது. அகழாய்வு முடிந்தால் அளந்து, வரைந்து, படம் எடுத்து, பொருளை எடுத்துக்கொண்டு குழியை மண் போட்டு மூடிவிடுவார்கள், திறந்து போட்டால் ஒரு மழைக்கே இடிந்துவிடும். பையன் முகம் தொங்கிவிட்டது. தம்பி அதைக் கவனித்திருக்க வேண்டும், பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

மண்ணில் நாலு சீட்டைச் செங்குத்தாகச் செருகி ஒரு பெட்டி செய்தார். முனையும் முனையும் சரியாகத் தொடுகிற சாதாரணப் பெட்டி. "வெளிய இருந்து மண்ணத் தள்ளு பாப்பம்" என்றார். பையன் தள்ளினான், பெட்டி உள்ளே மடிந்தது. அப்புறம் அதே நாலு சீட்டை வேறு மாதிரி வைத்தார். ஒவ்வொரு சீட்டின் ஒரு முனை அடுத்த சீட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு முனை அதற்கு முந்தைய சீட்டின் மேல் உள்பக்கமாக முட்டிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து பார்த்தால் காற்றாடி மாதிரி. இப்போது நாலு பக்கமும் மண்ணை நெருக்கித் தள்ளினாலும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றது. நம் ஊர்க் கற்பதுக்கைகளில், அதாவது மண்ணுக்குள் கட்டிய கல்பெட்டிச் சமாதிகளில், கருங்கல் பலகையை இப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பில்லை, சிமெண்டில்லை, சுற்றிலும் இருக்கிற மண்ணே பலகையை இறுக்கிப் பிடிக்கிறது. மேலே ஒரு மூடுகல். கிழக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு ஓட்டை, அதற்கு இடுதுளை என்று பெயர். பையன் அந்தச் சீட்டு ஆட்டத்தை வீட்டுக்கு வந்து இதுவரை பத்துப் பேருக்காவது செய்து காட்டியிருப்பான்.

உள்ளே முழு எலும்புக்கூடு படுத்திருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். பல குழிகளில் அப்படி இருக்காதாம், வேறு எங்கோ வைத்திருந்து பிற்பாடு எடுத்துச் சேர்த்த கொஞ்சம் எலும்புதான் இருக்கும். மற்றபடி பானை, கிண்ணம், இரும்பு வாள், கத்தி, கோத்துப் போடுகிற மணி. இதெல்லாம் சொன்னபோது அப்புச்சி கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு குழியில் சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த 2,000க்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன என்று தம்பி சொன்னதும்தான் வாயைத் திறந்தார். "செத்தவனுக்கு இத்தன மணி போட்டுப் பொதைச்சிருக்கானுக. உசுரோட இருக்கறப்ப ஒருவேளக் கஞ்சி ஊத்துனானுகளோ என்னமோ." மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அது எனக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

விஷயம் எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டால், தாராளமாகத் தருகிறார்கள். கொடுமணல் நொய்யலின் வடகரையில், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கரூருக்குப் போகிற பழைய பெருவழியில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள், அங்கேயும் நகை வேலைப்பாட்டுக்காகத்தான் பெயர் வருகிறது. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்தது. சுப்பராயலு, புலவர் செ. இராசு, கா. ராஜன் எல்லாம் அந்தக் குழுவில் இருந்தவர்கள். 2012, 2013இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காக ராஜன் மறுபடி வந்து தோண்டினார், அதன்பிறகு மாநிலத் தொல்லியல் துறை. மக்கள் குடியிருந்த மேடும் ஈமக்காடும் சேர்த்து ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்கு மேல். அதில் பெரும்பகுதி செத்தவர்களுக்கு. இன்றைக்கு ஒன்றரை சென்ட் மனைக்கு அடித்துக்கொள்கிற ஊரில் இருந்து போன எங்களுக்கு அது கொஞ்சம் உறைத்தது.

இங்கே கிடைத்த கரியை அனுப்பிக் காலம் கணித்ததில், இருப்பதில் பழையது கி.மு. 408க்குப் பக்கத்தில் வருகிறது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் ஈமக்குழியில் ஒரு நாலுகால் ஜாடிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 490. தம்பி இந்த எண்களைச் சொல்லும்போது, இது கரியின் வயசு, நெல்லின் வயசுதான், பானை ஓட்டில் கீறியிருக்கிற எழுத்தின் வயசும் இதுதான் என்று அடித்துச் சொல்லக்கூடாது, அந்த ஓடு எந்த மண் அடுக்கில் எதோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் பேச வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு அது பிடித்தது. நம் ஆட்கள் இந்த மாதிரி இடத்தில் மைக் கிடைத்தால் நேராகப் பத்தாயிரம் வருஷத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் மணி. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பெரில் என்கிற பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து, சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கத்திலிருந்து, லாபிஸ் லாசுலி என்கிற நீலம் ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து. எல்லாக் கல்லும் வந்து சேர்ந்து இங்கே உடைத்து, உருட்டி, துளை போட்டு, மெருகேற்றியிருக்கிறார்கள். பாதித் துளையோடு விட்டுப்போன மணிகளும் கழித்துப்போட்ட சில்லுகளும் கிடைப்பதால்தான் இது வாங்கி விற்ற ஊர் மட்டுமில்லை, செய்த ஊர் என்று தெரிகிறது. அதோடு இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த மூசை என்கிற மண்பாத்திரம். இரும்புத் தாது சென்னிமலையிலிருந்து. சென்னிமலை என்றால் எங்களுக்கு முருகனும் படியும் போர்வையும்தான். வேனில் வந்த பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள், நூல் ஒரு ஊரிலிருந்து, சாயம் ஒரு ஊரிலிருந்து, பட்டன் சீனாவிலிருந்து, தைப்பது இங்கே என்று காலம் தள்ளுகிறவர்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். கூலி எப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று ஒருத்தர் கேட்டார். தம்பி, "அதுக்குப் பானையோட்டுல ரசீது ஒண்ணும் கெடைக்கலீங்க" என்றார். கிடைத்ததெல்லாம் பெயர்தான். தமிழ்பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகள் மட்டும் 500க்கு மேல், அதில் ஆதன் என்று முடிகிற பெயர்கள் நிறைய. ஒரு ஓட்டில் நிகம என்று இருக்கிறது, வணிகர் சங்கம் என்று பொருள் சொல்கிறார்கள்.

கையில் தொட்டுப் பார்க்க ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மாதிரிப் பானைகள் கொண்டுவருகிறார்கள். குயவர் ஒருவரிடம் சொல்லிச் செய்தவை, அசல் இல்லை. உள்ளே கறுப்பு, வெளியே பாதிக்கு மேல் சிவப்பு. இரண்டு நிறமும் ஒரே சூளையில்தான். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது வாயும் உள்பக்கமும் காற்றுப் படாமல் புகைக்குள் மூச்சுமுட்டிக் கிடந்து கறுத்துப்போகும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிடும். அதில் ஒரு மண் வளையம் இருந்தது, கூட்டத்தில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அப்புச்சி, "பிரிமணைங்க அது, பானை உருளாம இருக்க அடியில வெக்கறது, எங்கம்மா வைக்கல்ல பிரிச்சு வெச்சிருப்பாங்க" என்றார். தம்பி உடனே குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வழிகாட்டி எழுதிக்கொள்கிற சுற்றுலாவை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஊரில் ஒரு அக்காவைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அகழாய்வு நடந்தபோது மண் சலிக்கிற வேலைக்குப் போனவர். பத்து நிமிஷம்தான் பேசினார், எனக்கு அன்றைக்கு அதுதான் மனசில் நின்றது. சல்லடையில் கல்லும் மணியும் ஒன்றாகத்தான் கிடக்குமாம், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "பாத்தாத் தெரியாதுங்க. வெரல் போட்டு உருட்டோணும். கல்லு நிக்கும், மணி ஓடும்" என்றார். முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் ஒன்றிரண்டு மணி மண்ணோடு போயிருக்கும் என்று இன்னும் வருத்தப்படுகிறார். அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நடத்துகிறவரிடம் கேட்டேன், 300 ரூபாய் என்றார். 1,400 வாங்குகிற இடத்தில் 300 கொஞ்சம் குறைவு. அந்தப் பத்து நிமிஷத்தை அரைமணி நேரமாக்கி, காசையும் கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, இனி குறை.

ஒலிபெருக்கி. பதினெட்டு பேருக்கு எதற்கு? அந்த அமைதியான காட்டில் இடுப்பில் கட்டிய ஸ்பீக்கரில் நடத்துகிறவர் வணக்கம் சொன்னதும் இரண்டு மயில் கத்திக்கொண்டு பறந்துபோனது. வேனில் ஏசி பாதிவழியில் நின்றுபோனதை விட்டுவிடுகிறேன்.

விடமுடியாதது ஒன்று. உழுத காட்டு ஓரமாக நடந்து வந்தபோது குழந்தைகள் பானை ஓடு பொறுக்க ஆரம்பித்தார்கள். அங்கே அது கிடைக்கத்தான் செய்யும், ஏர் ஓட்டும்போதெல்லாம் மேலே வரும். நடத்துகிறவர்களில் ஒருவர், "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம், ஞாபகத்துக்கு" என்றார். என் பையன் கால்சட்டைப் பை நிறைய வைத்திருந்தான். காலையில் பூராவும் எந்த மண் அடுக்கில் எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் முக்கியம் என்று பாடம் எடுத்துவிட்டு, மதியம் இதைச் சொன்னால் எப்படி? மண்ணில் கிடக்கிறவரை அந்த ஓடு, இதுவரைக்கும் வீடு இருந்தது, இதற்கப்புறம் ஈமக்காடு என்று எல்லை காட்டிக்கொண்டு கிடக்கும். எங்கள் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு. ஒரு வேனுக்கு பதினெட்டு பேர், மாதம் நாலு வேன், கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சத்தமாகவே சொன்னேன். வழிகாட்டித் தம்பி முகம் சிவந்துபோய், எல்லோரையும் எடுத்த இடத்திலேயே போடவைத்தார். ஆனால் எடுத்த இடம் எது என்று யாருக்கு ஞாபகம்? என் பையனும் குத்துமதிப்பாகத்தான் போட்டான். அதுவும் தப்புத்தான், வேறு வழி தெரியவில்லை.

சாப்பாடு ஒரு தோட்டத்துச் சாளையில். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு ரசம், கத்திரிக்காய்ப் பொரியல், ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சின நெய், கடைசியில் மோர். ஒன்றரைக்கு என்று சொல்லி இரண்டரைக்குப் போட்டார்கள், அப்புச்சிக்குச் சர்க்கரை இருப்பதால் எனக்குப் பதற்றம். நல்லவேளை, கையில் பிஸ்கட் இருந்தது. வயசானவர்களைக் கூட்டிப்போனால் எடுத்துப் போங்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நெய்யை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிற்பகல் காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வாரமே யாராவது கடப்பாறையோடு போவார்கள். புதையல் ஆசையில் நடுவில் பள்ளம் விழுந்த கல்வட்டங்களைக் காலையிலேயே நிறையப் பார்த்துவிட்டோம். இட்டேரிக்குள் வேன் போகாது, முக்கால் கிலோமீட்டர் நடை, இரண்டு பக்கமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலமரம், நாலு காங்கேயம் மாடு. நடுவில் மூன்று கல்வட்டம், ஒன்றுக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு ஒரு நெடுங்கல். கொடுமணலைவிட இது எனக்குப் பிடித்தது. கொறங்காடு மேய்ச்சலுக்கு விட்ட நிலம், அடிக்கடி ஆழ உழமாட்டார்கள், அதனால்தான் கல் அப்படியே நிற்கிறது. பக்கத்துக் காட்டில் போர் போட்டுத் தென்னை வைத்திருக்கிறார்கள், அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இங்கேதான் அப்புச்சி கதை சொன்னார். "பாண்டவர் குழின்னு சொல்லுவாங்க. நெருப்பு மழை பெய்யப்போகுதுன்னு தெரிஞ்சு, அந்தக் காலத்துக் குட்ட மனுசங்கெல்லாம் கல்லுல ஊடு கட்டி உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டாங்களாமா." பலகை வீட்டுக்குள் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றியிருக்கும். சமாதி என்று எண்ணாமல் வீடு என்று எண்ணியிருக்கிறார்கள்.

நாங்கள் கதை கேட்டுக்கொண்டிருந்தபோது வேலிப்பக்கம் ஒரே சத்தம். கடைசியாக வந்தவர்கள் படலைச் சாத்தாமல் வந்துவிட்டார்கள், யாருடைய ஆடோ இருபது உருப்படி உள்ளே புகுந்து புல்லை மேய்கிறது. காட்டுக்காரர் வேகமாக வந்தார். ஐம்பது வயசு இருக்கும், கோபத்திலும் மரியாதை குறையவில்லை. "ஏனுங்க, போட்டோப் புடிங்க, கல்லப் பாருங்க, வேண்டாங்கல. போறப்பப் படலச் சாத்தறதுக்கு என்னங்க? இந்தப் புல்லு எனக்கு மூணு மாசத்துத் தீனிங்க." நடத்துகிறவர் ஸ்பீக்கரிலேயே மன்னிப்புக் கேட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. அப்புச்சி தடியோடு போய் ஆட்டை விரட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் சேர்ந்து விரட்டினோம்.

அப்புறம் அவரோடு பேசியதில் தெரிந்தது, இந்தச் சுற்றுக்காக அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. முதல் தடவை வந்து கேட்டார்கள், சரி என்றாராம், அதோடு சரி. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த மூன்று வட்டத்தையும் தொடுவதில்லை, பட்டிப்பொங்கலன்று நெடுங்கல்லுக்கும் ஒரு பொட்டு வைப்பார்களாம். "ஆனா வெளிய சொல்லப் பயமுங்க. கவருமெண்டுக்காரங்க வந்து காட்டையே புடுங்கிக்குவாங்கன்னு சொல்றாங்களே." இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை எடுத்து வேலிக்குப் போட்டுவிட்டு உழுதுவிடுகிறார்கள். தம்பி அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால்தான் தெரிவிக்க வேண்டும். கல்வட்டம் இருக்கிறது என்று சொன்னதற்காக நிலம் தானாகக் கைமாறிவிடாது. அவர் நம்பினாரா தெரியவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். கல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஆளுக்கு ஒன்றும் கொடுக்காமல், அதைக் காட்டிக் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த தடவையிலிருந்து வேனுக்கு 1,000 ரூபாய் அவருக்குத் தருகிறோம் என்றார்கள். போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால், வழிகாட்டித் தம்பிக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு நாலு, நடத்துகிற விதத்துக்கு இரண்டரை. போகலாமா என்றால், போகலாம். ஐப்பசி மழை முடிந்து மார்கழி, தை பார்த்துப் போங்கள், மழைக்காலத்தில் புல் வளர்ந்து மேட்டை மறைத்துவிடும், சித்திரையில் ஆள் கருகிவிடுவோம். கழிப்பறை சாப்பாட்டு இடத்தில் மட்டும்தான். முள் குத்தாத செருப்பு அவசியம்.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் அப்புச்சி விஷயம் பாக்கி இருக்கிறது. கொறங்காட்டிலிருந்து திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. வேனில் ஏறும் முன் தம்பியைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்த ஓட்டப் போட்ட பலகை இருக்குதல்ல, அது ஒடஞ்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். தம்பி கோலப்பொடியில் தரையில் வரைந்து காட்டினார், பலகை ஓட்டைக்குக் குறுக்கே உடைந்தால் ஒரு ஓரத்தில் அரைவட்டமாகத் தெரியும் என்று. அப்புச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்பிடி ஒண்ணு நம்ம தோட்டத்துல கெணத்து மேட்டுல கெடக்குது. அறுவத்தஞ்சுல கெணறு வெட்டறப்ப மேட்டாங்காட்டுல இருந்து ரெண்டு வண்டி கல்லு நாந்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். சுத்துக்கட்டுக்குப் போக மிச்சம் அது."

தம்பி திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. "நான் வந்து பாக்கலாங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த புதன்கிழமை சொந்தச் செலவில் பைக்கில் வந்தார், இதற்குக் காசு ஒன்றும் வாங்கவில்லை. கிணற்று மேட்டில் அத்தை துணி துவைக்கிற கல்தான் அது. நாலடி நீளம், ஒரு ஓரத்தில் அரைவட்ட வெட்டு, உளி கொத்தின தடம் உள்பக்கம் இன்னும் தெரிகிறது. நான் சின்ன வயசில் அந்த வளைவில் சோப்பு வைத்துக் குளித்திருக்கிறேன். தம்பி டேப் வைத்து அளந்தார், முழு வட்டமாக இருந்தால் ஒன்றரை அடி வரும் என்றார். மேடு இருந்த இடத்தையும் அப்புச்சி கூட்டிப்போய்க் காட்டினார். இப்போது அங்கே தென்னந்தோப்பு, ஒரு கல்கூட இல்லை. இருந்தும் தம்பி போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை வட்டம் இருந்தது, எந்தப் பக்கம் பெரிய கல், உள்ளே பானை பார்த்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பானை பார்த்தேன், உடைத்தோம் என்றார் அப்புச்சி. "கல்லு கெடைக்காத காலமுங்க அது."

கல்லை அப்படியே இருக்கவிடுங்கள், நகர்த்தினால் உடைந்துவிடும், துவைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி போனார். ஆனால் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எழவுக்கல்லில் இனி ஒரு துணி துவைக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பிடிப்பதாக இருந்தால் இந்த அறுபது வருஷத்தில் பிடித்திருக்காதா என்று அப்புச்சி கேட்கிறார். அது எனக்குத் தெரியாது, எனக்கு வாஷிங் மெஷின் வேண்டும் என்கிறார் அத்தை. மாமா நேற்றுக் காங்கேயத்தில் கடைகடையாக விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.